ஆலைக்குச் செல்லும் ஆய்வாளர்

மருதானைப் புகையிரத நிலையத்துக்கு அண்மையிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரி 1893ஆம் ஆண்டில் தோன்றியது. புகையிரதப் பகுதிக்கும் பொது வேலைப் பகுதிக்கும் ஆள் தயாரிப்பதே குடியேற்ற ஆட்சியின் நோக்கம். நோக்கம் குறுகியது, ஆயினும் கையும் மூளையும் ஒரே கூரையின்கீழ்ப் பயின்றன. 1950இல் பல்கலைக்கழகத்தில் பொறியியற் பீடம் நிறுவப்பட்டது. 1964இல் அப்பீடம் பேராதனைக்குச் சென்றது. பட்டம் மலையேறிற்று, பட்டறை மருதானையிலேயே நின்றுவிட்டது.

அப்பிரிவினை உண்டாக்கிய குறையைத் தீர்க்கவே இன்று புதியதொரு வழி கூறப்படுகின்றது. உணவுப்பொருள் விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்வோர், வாரத்தில் ஓரிரு நாட்களைத் தொழிற்சாலையில் பயிலுநராகக் கழிக்கவேண்டும் என்கின்றனர். இதையொத்த ஏற்பாடுகள் வேறிடங்களில் உள்ளன. பிரான்சில் 1981 முதல், கம்பனி ஆய்வாளரை வேலைக்கமர்த்த, அரசு கம்பனிக்கு மானியம் அளிக்கின்றது. இந்தியாவில் 2012இல் பிரதமர் பெயரால் தொடங்கப்பட்ட ஆய்வு உதவித்தொகையில் பாதியைக் கம்பனி தரவேண்டும் என்று விதிக்கப்பட்டது.

இவ்வேற்பாட்டை அடியோடு மறுப்பது அறியாமையாகும். நாம் உண்ணும் புழுங்கலரிசியையே எடுத்துக்கொள்வோம். ஆய்வுகூடக் குவளையில் ஒரு பிடி நெல்லை ஊறவைப்பவர், ஆலைத் தொட்டியில் பல தொன் நெல் ஊறும்போது நிகழ்வதை அறியார். குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று நாள் ஊறினால் நெல் புளித்து நாறும். 65 முதல் 70 பாகை வெந்நீரில் மூன்று நான்கு மணி நேரம் ஊறவைத்தால் அந்நாற்றம் இல்லை. இம்முறையைப் பரப்பியது 1950இல் மைசூரில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம். ஊறிய நெல்லை ஆவியில் அவிக்கும்போது மாப்பொருள் இளகி, மணியிலுள்ள வெடிப்புகள் மூடிக்கொள்கின்றன; குற்றும்போது நொறுங்கல் குறைகின்றது. 1967இல் திருவாரூரில் நெல் பதன ஆராய்ச்சி மையம் தொடங்கியபோது, அது அமைந்த இடம் ஒரு நவீன அரிசி ஆலை வளாகமே. அவ்வாலை தஞ்சாவூர்க் கூட்டுறவு விற்பனை இணையத்துக்குரியது என்பதை வாசகர் மனங்கொள்ளல் வேண்டும். கேள்வியைத் தந்த ஆலை ஒரு தனி முதலாளியின் உடைமையாக இருக்கவில்லை.

தனியுடைமையான ஆலையில் நிகழ்வது வேறு. டப்ளின் நகரின் கின்னஸ் வடிசாலையில் பணியாற்றிய வில்லியம் கொசெற், 1906இல் லண்டன் சென்று கார்ல் பியர்சனிடம் பயின்றார். சில மாதிரிகளை மட்டும் கொண்டு பார்லியின் தரத்தை எவ்வாறு நிதானிப்பது என்பது வடிசாலை எழுப்பிய வினா. விடை 1908இல் வெளிவந்தது. இன்று உலகெங்கும் புள்ளிவிபரவியல் மாணவர் அதைப் படிக்கின்றனர். ஆனால் கட்டுரையில் அவர் பெயர் இல்லை. 'மாணவன்' என்ற புனைபெயரே இருந்தது. ஊழியர் தம் பெயரில் வெளியிடுவதை நிறுவனம் அனுமதிக்கவில்லை. அங்கே பெயர் மட்டுமே மறைந்தது. இரகசிய ஒப்பந்தம் ஒன்றினால் ஆய்வேடே பூட்டப்படுமாயின், பொதுப்பணத்தில் கற்ற ஆய்வாளரின் உழைப்பு யாருக்குச் சேரும்? ஈரப்பத அளவையும் தரப் பரிசோதனையையும் அன்றாடம் செய்ய மலிவான ஆள் கிடைத்துவிட்டார் என்று எண்ணும் முகாமையாளரும் இருப்பார். இதனை யாவரும் அறிவர்.

இவற்றைவிடப் பெரிய குறை, யாருடைய வினா ஆய்வுகூடத்தை அடைகின்றது என்பதிலே உள்ளது. காலையில் பஞ்சுபோல் இருக்கும் இடியப்பம் மாலையில் விறைத்துவிடுகின்றது. அவிந்த மாப்பொருளின் மூலக்கூறுகள் ஆறும்போது மீண்டும் அணிவகுத்து இறுகுவதே காரணம். பாண் பழசாவதும் பெரும்பாலும் இதனாலேயே; குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அது இன்னும் விரைந்து இறுகும். உணவுப்பொருள் விஞ்ஞானத்தின் நடுநாயகமான பிரச்சினைகளுள் இது ஒன்று. மருதானைச் சாப்பாட்டுக் கடைக்காரருக்கோ அது, இரவில் எறியவேண்டிய தட்டுகளின் கணக்கு. பொதி செய்த பண்டத்தை ஆறு மாதம் கெடாமல் வைக்க விரும்பும் கம்பனி பயிலுநருக்குப் பணம் தரும். இடியப்பம் அவிக்கும் பெண் எதைத் தருவாள்?

நம் நாட்டில் 1955இல் நிறுவப்பெற்ற விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி நிலையம், 1998 முதல் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகமாக இயங்குகின்றது. பயிலுநர் நாட்களிற் பாதியேனும் இத்தகைய பொது நிறுவனத்தின் வழியாக வெதுப்பகங்களுக்கும் சிற்றாலைகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் ஒதுக்கப்படுதல் வேண்டும். ஊதியம் பொதுநிதியிலிருந்து வரட்டும். பாதிப் பணம் கட்டுபவரே ஆய்வாளரை அழைக்கலாம் என்ற விதி இருக்கும்வரை, அந்தப் பெண் நிரப்பக்கூடிய விண்ணப்பப் படிவம் எதுவும் இல்லை.