பெரிய டயர் போட்ட பின் மீற்றரை எதோடு ஒப்பிடுவது?

கற்பிட்டி மணலிலும், இலவங்குளம் தாண்டி வில்பத்துக்குள் நுழையும் பாதையிலும் ஓடுகிற ஜீப், டபுள் கெப்களில் பெரிய டயர் போட்டவை நிறையத் தென்படும். காரணம் நியாயமானதே. மணலில் புதைவது குறையும், வண்டியின் அடிப்பாகம் கல்லில் தட்டாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 வரை புதிய வண்டிக்கு வழியில்லாமல் போனதால், பழைய வண்டியையே தேவைக்கேற்ப மாற்றி ஓட்டும் பழக்கமும் வலுத்தது. டயர் பெருத்தால் மீற்றர் குறைத்துக் காட்டும் என்பது ஓட்டுநர்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திருத்தும் முறையில்தான் பலர் பிழை விடுகிறார்கள் என்பது என் கருத்து.

முதலில் கணக்கு. 235/75ஆர்15 டயரின் விட்டம் ஏறத்தாழ 734 மில்லிமீற்றர். அந்த இடத்தில் 31 அங்குல டயரைப் போட்டால் விட்டம் 787 ஆகிறது, 7.3 வீதம் அதிகம். சக்கரம் ஒரு சுற்றுக்கு 7.3 வீதம் கூடுதலாக ஓடுகிறது. மீற்றரோ சுற்றைத்தான் எண்ணுகிறது, தூரத்தை அது அறியாது. 265/70ஆர்16 இலிருந்து 265/75ஆர்16 க்கு மாறினால் வித்தியாசம் 3.4 வீதம் மட்டுமே.

இப்போது பரவலாக உள்ள திருத்தம், கைபேசியின் ஜீபிஎஸ்ஸைப் பார்த்து முள்ளை அதனோடு பொருத்துவது. பார்க்க நேர்மையான வேலை போலத் தெரியும். ஆனால் கம்பனியிலிருந்து வரும்போதே வேகமுள் கொஞ்சம் கூட்டித்தான் காட்டுகிறது; அது வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு. ஐ.நா.வின் 39ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதி, முள் காட்டும் வேகம் உண்மை வேகத்தைவிட ஒருபோதும் குறையக்கூடாது என்கிறது. கூடுவதற்கு மட்டும் இடம் தருகிறது: உண்மை வேகத்தின் பத்தில் ஒரு பங்கும் அதோடு மணிக்கு 4 கிலோமீற்றரும். உண்மையில் 70 இல் போகும் வண்டியின் முள் 81 வரை காட்டலாம், 69 காட்டக்கூடாது.

தூரத்தை எண்ணும் மீற்றருக்கு அந்தக் கூட்டல் இல்லை. பழைய கேபிள் மீற்றரில் இரண்டும் ஒரே கேபிளில் ஓடினாலும் வேலை செய்யும் விதம் வேறு. கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அந்தக் காந்தம் தன்னோடு தொடாமல் இருக்கும் அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும். மெல்லிய சுருள்வில் அதைத் தடுத்து நிறுத்தும். காந்தம் தளர்ந்தாலும் வில் தளர்ந்தாலும் முள்ளின் நிலை மாறிவிடும். தூரத்தை எண்ணுவதோ பல்சக்கரங்கள். பல் தேய்ந்து உடையாதவரை எண்ணிக்கை பிசகாது. ஆகவே இரண்டில் நம்பத்தக்க சாட்சி தூரமே.

உதாரணமாக, கம்பனி டயரில் முள் 70 காட்டும்போது உண்மையில் 67 ஓடிய வண்டி ஒன்றை எடுப்போம். 31 அங்குல டயர் போட்டதும் அதே 70 இல் அது 72 ஓடும். ஜீபிஎஸ் பார்ப்பவர் இரண்டு கிலோமீற்றர் பிழையை மட்டும் கண்டு, சுமார் 3 வீதம் திருத்தி முடிப்பார். முள் சரியாகிவிடும். தூரமீற்றர் ஒவ்வொரு பத்துக் கிலோமீற்றருக்கும் 9.6 தான் எண்ணும். கம்பனி வைத்த பாதுகாப்பு இடைவெளியும் போய்விடும். காற்றுக் கூடியோ, வேறு டயர் மாட்டியோ விட்டம் சிறிது கூடினாலும் முள் மறுபடி குறைத்துக் காட்டத் தொடங்கும். டயரின் விகிதத்தில் முழு 7.3 வீதத்தையும் திருத்தியிருந்தால் இரண்டும் பழைய இடத்துக்கே வந்திருக்கும்.

தூரம் குறைவது சிறு விஷயமல்ல. ஒரு லட்சம் கிலோமீற்றர் ஓடிய வண்டி 93,200 காட்டும். யாரும் மீற்றரைப் பின்னுக்குச் சுற்றவில்லை, ஆனாலும் வாங்குபவர் ஏமாறுகிறார். கிலோமீற்றர் கணக்கில் வாடகைக்கு விடுபவர் தன் கூலியை இழக்கிறார். லீற்றருக்குப் பத்து ஓடுகிற வண்டி 9.3 ஓடுவதாகத் தோன்றும். பெரிய டயர் கனமானது, எரிபொருள் சற்றுக் கூடுதலாகச் செலவாவதும் உண்மை. ஆனால் ‘டயர் மாத்தினதும் டீசல் குடிக்குது’ என்ற முறைப்பாட்டில் ஒரு பங்கு மீற்றருடையது.

முள்ளைக் கழற்றி வேறு கோணத்தில் குத்துவதை நான் முற்றாக நிராகரிக்கிறேன். டயரின் பிழை விகிதப் பிழை: 40 இல் 3, 80 இல் 6 என்று வேகத்தோடு வளரும். முள்ளை நகர்த்தினால் எல்லா வேகத்திலும் ஒரே அளவுதான் கூடும்; ஒரு வேகத்தில் பொருந்தி மற்ற எல்லா இடத்திலும் பிழைக்கும். தூரமீற்றரை அது தொடுவதே இல்லை. மனக்கணக்கு இதைவிட மேல், ஆனால் வண்டியை இன்னொருவர் கையில் கொடுக்கும்வரைதான். ஊருக்கு வெளியே 70 என்ற எல்லையில் முள்ளை நம்பி ஓட்டும் ஒருவர் 75 இல் போனால், பிரேக் அடக்கவேண்டிய சக்தி 15 வீதம் கூடுகிறது. அந்த ஆபத்தை அறியாத ஆளிடம் வண்டியைத் தருவது சரியல்ல.

சரியான இடம் கியர்பெட்டிப் பக்கம். கேபிள் வண்டியில் கேபிளைச் சுழற்றும் சிறு பல்சக்கரத்தை மாற்றலாம்: 30 பல்லுக்குப் பதில் 28 பல் போட்டால் 7.1 வீதம் கூடும். ஒரு பல் என்பது மூன்று வீதத்துக்கு மேல் என்பதால் நுணுக்கமாகப் பொருத்த முடியாதுதான். ஆயினும் முள்ளும் தூரமும் சேர்ந்தே திருந்தும். மின்துடிப்பில் ஓடும் மீற்றருக்குச் சென்சரின் வயரில் இடைவைக்கும் திருத்துபெட்டி உண்டு. பல ஜப்பானிய வண்டிகளில் கிலோமீற்றருக்கு 637 சுற்று, சுற்றுக்கு நான்கு துடிப்பு, ஆக 2548 என்பது கணக்கு. அந்த எண்ணிக்கைக்கு வரும்படி பெட்டியை வைத்தால் போதும். ஏபிஎஸ் சென்சரிலிருந்து வேகம் எடுக்கும் புதிய வண்டிகளில் மட்டும் பெட்டியை எங்கும் வெட்டிச் செருகக்கூடாது. அதே துடிப்பை வேறு கணினிகளும் படிக்கின்றன.

ஒப்பிடுவதற்கு ஏ3 வீதியே போதும். முந்தலுக்கும் பாலாவிக்கும் இடையில் வீதியோரக் கிலோமீற்றர் கற்களைப் பார்த்துப் பத்துக் கிலோமீற்றர் ஓட்டி, தூரமீற்றரைக் குறித்துக்கொள்ள வேண்டும். 9.7 அல்லது அதற்கு மேல் காட்டினால் பணம் செலவழிக்கத் தேவையில்லை. கம்பனி வைத்த இடைவெளிக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். 9.5 க்குக் கீழென்றால் திருத்தியே ஆகவேண்டும். இரண்டுக்கும் நடுவிலென்றால், வண்டியை வாடகைக்கு விடுபவர் திருத்துவது நல்லது.

இந்த வேலையைப் புது டயரில் செய்ய வேண்டும். ஆழமான கட்டைகள் உள்ள சேற்று டயர் 15 மில்லிமீற்றரிலிருந்து 3 க்குத் தேயும்போது விட்டம் 24 மில்லிமீற்றர், அதாவது 3 வீதம் குறைகிறது. புதிதில் திருத்தியிருந்தால் தேயத் தேய முள் கூட்டிக் காட்டும், அது பாதுகாப்பான பக்கம். தேய்ந்த டயரில் திருத்தினால், அடுத்த சோடி மாட்டும் நாளிலிருந்தே முள் குறைத்துக் காட்டும்.