ஆடுகளத்தின் அகலம்

1988இல் ஐயோவா வெஸ்லியன் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணி பத்து ஆட்டங்கள் ஆடிப் பத்திலும் தோற்றது. ஐயோவா மாநிலத்தின் தென்கிழக்கில் மவுண்ட் பிளெசன்ட் என்ற சிற்றூரில் இருந்த சின்னக் கல்லூரி அது. பெரிய அரங்கம் இல்லை, தொலைக்காட்சி வெளிச்சம் இல்லை, பெயர்பெற்ற பள்ளி வீரர்கள் விரும்பி வந்து சேரும் இடமும் இல்லை. மறு ஆண்டு அங்கே தலைமைப் பயிற்சியாளராக வந்தார் ஹால் மம்மி. டெக்சாஸில் காப்பராஸ் கோவ் என்ற ஊரின் பள்ளி அணியைப் பயிற்றுவித்துக்கொண்டிருந்தவர். அவர் தன்னோடு சேர்த்துக்கொண்ட மைக் லீச் சட்டம் படித்துப் பட்டம் வாங்கியவர். கல்லூரி அணி எதிலும் ஃபுட்பால் ஆடியதே இல்லை. இந்த இருவரும் கைவைத்த முதல் ஆண்டிலேயே அந்த அணி ஏழு ஆட்டங்களில் வென்றது.

தோற்றுத் துவண்ட ஒரு கல்லூரி அணியின் தாக்குதல் ஆட்டத்தைத் திரும்பக் கட்டியெழுப்புவது தனிக் கலை. அந்தக் கலையை ரசிக்க உட்கார்ந்தால் என் மனம் முதலில் போய் நிற்பது மவுண்ட் பிளெசன்டில்தான்.

இந்த ஆட்டம் பழகாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். களம் 100 யார்டு நீளம், 53 யார்டும் சொச்சமும் அகலம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் பத்து யார்டு முன்னேறினால் இன்னும் நான்கு கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து கைமாறும். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடலாம், அல்லது குவார்ட்டர்பேக் அதை முன்னால் வீசலாம். பதினொரு பேரில் ஐந்து பேர் லைன்மேன்கள். மலைபோன்ற உடம்புக்காரர்களான அவர்கள் பாய்ந்து வரும் எதிராளிகளைத் தடுத்து நிறுத்துவார்கள். வீசிய பந்தைப் பிடிக்க அவர்களுக்கு அனுமதியில்லை. குவார்ட்டர்பேக் போக மீதி ஐவர் பிடிக்கலாம்.

பலவீனமான அணி எங்கே உடைகிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும். ஓட்ட ஆட்டம் என்பது நடுக்களத்தில் உடம்போடு உடம்பு மோதுவது. நல்ல உடற்கட்டுள்ள பிள்ளைகளை எல்லாம் பெரிய பல்கலைக்கழகங்கள் அள்ளிக்கொண்டு போன பிறகு சிறிய கல்லூரிக்கு மிஞ்சுகிறவர்கள் அந்த மோதலில் பின்னால் தள்ளப்படுவார்கள். முதல் முயற்சியில் ஒரு யார்டு, இரண்டாவதில் ஒன்று. மூன்றாவதில் எட்டு யார்டு வேண்டும் என்ற நிலை வந்ததும் பந்தை வீசத்தான் போகிறார்கள் என்று எதிரணிக்குத் தெரிந்துவிடும். ஓர் ஆட்டம் முழுக்க இப்படியே போகும். தோற்ற அணிக்கு வந்து சேரும் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் உடற்பயிற்சியைக் கூட்டுவார்கள், கட்டுப்பாட்டை இறுக்குவார்கள், ஆட்டத் திட்டப் புத்தகத்தைத் தடிமனாக்குவார்கள். அதனால் அந்த மோதலின் முடிவு மாறிவிடாது. மம்மி அந்த மோதலிலிருந்தே விலகிக்கொண்டார். எதிராளி பலமாக இருப்பது நடுவில் என்றால், ஆட்டத்தை ஓரங்களுக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்தார். 53 யார்டு அகலம் எல்லா அணிக்கும் ஒன்றுதான். அதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இந்த யோசனை அவருக்கு வானத்திலிருந்து விழவில்லை. யூட்டா மாநிலத்தின் ப்ரோவோ நகரில் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தை 1972 முதல் 2000 வரை பயிற்றுவித்தவர் லவெல் எட்வர்ட்ஸ். அவர் பொறுப்பேற்றபோது அந்த அணிக்குச் சொல்லிக்கொள்ளும்படியான வெற்றி வரலாறு இல்லை. வழக்கமான வழியில் போய் யாரும் ஜெயிக்காத இடத்தில் வேறு வழியில் போனால் என்ன என்று பந்து வீசும் ஆட்டத்தைக் கையிலெடுத்தார். 1984இல் தேசியப் பட்டமே வென்றார். டெக்சாஸின் எல் பாசோ பல்கலைக்கழக அணியில் உதவிப் பயிற்சியாளராக இருந்த காலத்தில் மம்மி அதே லீக்கில் எட்வர்ட்ஸை எதிர்கொண்டவர். லீச் படித்ததோ பிரிகம் யங்கில். இருவரும் ப்ரோவோவுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தார்கள், கேட்டார்கள், படம் போட்டுப் பார்த்தார்கள். பிறகு தங்களுக்குத் தேவையில்லாததை ஒவ்வொன்றாகக் கழித்தார்கள். அந்தக் கழித்தலில்தான் இவர்களுடைய மேதைமை இருக்கிறது என்பது என் கணிப்பு.

கழித்தபின் மிஞ்சியவற்றில் மணியானது ‘மெஷ்’ என்ற நகர்வு. வலக்கோடியிலிருந்து பந்து பிடிக்கும் ரிசீவர் ஒருவர், இடக்கோடியிலிருந்து இன்னொருவர். இருவரும் களத்தின் நடுவை நோக்கி, பந்து வைக்கப்படும் கோட்டிலிருந்து சுமார் ஆறு யார்டு ஆழத்தில் எதிரெதிராக ஓடி வருகிறார்கள். ஒருவர் ஆழத்தை நிர்ணயிப்பார். மற்றவர் அவருக்குக் கீழே, கை நீட்டினால் தொட்டுவிடும் நெருக்கத்தில் கடந்து போக வேண்டும். பின்னல் கோலாட்டத்தில் இரண்டு பேர் மோதாமல் ஊடுருவிப் போகும் அந்தக் கணம் போன்றது. இவர்களைத் துரத்தி வரும் எதிரணிக் காவலர்கள் இருவருக்கும் அந்த இடைவெளி இல்லை. ஒருவரையொருவர் இடித்துக்கொள்ளாமல் இருக்க ஒருவராவது சுற்றிப் போயாக வேண்டும். அந்த அரை நொடி போதும், ரிசீவர் தனியாகிவிடுவார். வேண்டுமென்றே எதிராளியை மறித்தால் தண்டனை உண்டு. மெஷ் அந்த விதியின் விளிம்பை உரசிக்கொண்டே போகிறது, உடைப்பதில்லை.

இதைவிட அழகு, ஓடுகிறவர்களுக்குக் கொடுத்த ஒரே விதி. உன்னை ஒருவன் துரத்தினால் நிற்காமல் ஓடு. துரத்தாமல் எல்லாரும் அவரவர் இடத்தைக் காத்துக்கொண்டு நின்றால், இரண்டு பேருக்கு நடுவிலுள்ள இடைவெளியில் நின்று குவார்ட்டர்பேக்கைப் பார்த்துத் திரும்பு. இவ்வளவுதான். எதிராளி என்ன வியூகம் வகுத்தாலும் பதில் அதே நகர்வுக்குள் இருக்கிறது. புதிதாக எதுவும் மனப்பாடம் செய்ய வேண்டாம். பத்தொன்பது வயதுப் பையனின் தலையில் பாரம் ஏற்றாத திட்டம் அது.

அடுத்தது லைன்மேன்கள் நிற்கும் விதம். வழக்கமாக அவர்கள் தோளோடு தோள் நெருங்கி நிற்பார்கள். இடையில் விரிசல் விட்டால் எதிராளி புகுந்துவிடுவான் என்ற பயம். மம்மியும் லீச்சும் அவர்களை மூன்றடி, சில சமயம் அதற்கும் மேல் விலக்கி நிறுத்தினார்கள். முதன்முறை பார்க்கிறவருக்கு இது தற்கொலை மாதிரித் தெரியும். கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால் கணக்கு புரியும். வரிசை அகன்றால் அதன் இரு கோடியிலும் நிற்கும் வேகமான எதிராளிகள் குவார்ட்டர்பேக்கிடமிருந்து தள்ளிப் போகிறார்கள். ஓடி வர வேண்டிய தூரம் கூடுகிறது. பந்து இரண்டு, இரண்டரை நொடியில் கையைவிட்டுப் போய்விடும் ஆட்டத்தில் அந்தக் கூடுதல் இரண்டு எட்டு பெரிய விஷயம். நடுவில் புகுந்து வருகிறவன் கண்ணெதிரே தெரிவான், பக்கத்திலிருப்பவர் அவனை வாங்கிக்கொள்ளலாம். உயரம் குறைந்த குவார்ட்டர்பேக்குக்கோ அந்த இடைவெளிகள்தான் ஜன்னல்கள்.

இனி பயிற்சி. ஐந்து குவார்ட்டர்பேக்குகள் வரிசையாக நிற்பார்கள், ஐந்து ரிசீவர்கள் ஓடுவார்கள், எதிரணி என்று யாரும் கிடையாது. முதல் குவார்ட்டர்பேக் முதல் ஆளுக்கு வீசுவார், இரண்டாமவர் இரண்டாம் ஆளுக்கு, இப்படி ஐந்து பந்துகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் காற்றில் இருக்கும். பிடித்தவர்கள் நிற்காமல் கோல் கோடு வரை ஓடிவிட்டுத் திரும்பி வர வேண்டும். இடம் மாறி மீண்டும் அதே. சராசரி அணியின் பயிற்சியில் ஒருவர் வீச, நால்வர் சும்மா ஓடித் திரும்புவார்கள். இங்கே வீணாகும் ஓட்டம் என்று ஒன்று இல்லை. இந்த முறையில் வளர்ந்த ஐயோவா வெஸ்லியன் குவார்ட்டர்பேக் டஸ்டின் டிவால்ட் ஒரே ஆட்டத்தில் 86 முறை வீசி 61 முறை சேர்த்தார். ஒரு தாளை நாலாக மடித்தால் அதற்குள் அடங்கும் திட்டத்தோடுதான் லீச் கடைசிவரை களத்தோரம் நின்றார்.

ஐயோவாவிலிருந்து இருவரும் ஜார்ஜியாவின் வால்டோஸ்டாவுக்குப் போனார்கள், அங்கிருந்து 1997இல் கென்டக்கிப் பல்கலைக்கழகத்துக்கு. அங்கே டிம் கவுச் என்ற அபாரமான கைவீச்சுக்காரர் முந்தைய ஆண்டில் அதிகம் பயன்படாமல் உட்கார்ந்திருந்தார். அவரை வீச விட்டார்கள். அந்த அக்டோபரில் கென்டக்கி கூடுதல் நேரத்தில் அலபாமாவை 40-34 என்று வென்றது. அலபாமாவை அவர்கள் வென்று 75 ஆண்டுகளாகியிருந்தன. 1998இல் கவுச் 553 வீச்சில் 400 சேர்த்தார். ஆனால் மம்மியின் கென்டக்கிக் காலம் நன்றாக முடியவில்லை. வீரர்களைச் சேர்ப்பதில் நடந்த விதிமீறல்களுக்கிடையே 2001இல் அவர் விலகினார். களத்தில் கட்டியது வேறு, களத்துக்கு வெளியே நடந்தது வேறு. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க எனக்கு மனமில்லை.

மறுகட்டுமானம் எத்தனை வலிக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் லீச்சின் புல்மன் ஆண்டுகளைப் பார்க்க வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கே, கோதுமை விளையும் மேட்டு நிலங்களுக்கு நடுவே உள்ள கல்லூரி ஊர் அது. அவர் 2012இல் பொறுப்பேற்றபோது வாஷிங்டன் ஸ்டேட் அணி நான்கு ஆண்டுகளில் ஒன்பதே ஆட்டம் வென்றிருந்தது. முதல் ஆண்டில் 3 வெற்றி, 9 தோல்வி. 2014இலும் அதே கணக்கு. அந்த ஆண்டு அக்டோபர் 4 அன்று கானர் ஹாலிடே கலிஃபோர்னியா அணிக்கு எதிராக 734 யார்டு வீசினார். அதுவரை அந்த மட்டத்தில் யாரும் வீசியிராத தூரம். அப்படியும் 60-59 என்று தோற்றார்கள். கடைசி நொடிகளில் மிகக் கிட்டத்திலிருந்து உதைத்த பந்து கம்பங்களுக்கு வெளியே போனது. அந்த இரவு ஒரு கல்லூரி நிர்வாகம் பொறுமையிழந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர்கள் பொறுத்தார்கள். லீச்சும் தன் மெஷ்ஷைக் கைவிடவில்லை, புத்தகத்தைத் தடிமனாக்கவுமில்லை. மறு ஆண்டு, உதவித்தொகை இல்லாமல் அணியில் சேர்ந்திருந்த லூக் ஃபால்க் குவார்ட்டர்பேக்காக நிற்க, ஒன்பது வெற்றி. 2018இல் கார்ட்னர் மின்ஷூ வந்தார், பதினொன்று. அந்தப் பல்கலைக்கழக வரலாற்றில் ஒரு பருவத்தில் அத்தனை வெற்றி அதற்கு முன் இல்லை.

இந்த ஆட்டமுறையின் மேல் எனக்குள்ள பிரியம் அதன் குறையை மறைத்துவிடவில்லை. லீச் பந்தைக் கையில் கொடுத்து ஓடவிடுவதை அளவுக்கு மீறி வெறுத்தார். 2020இல் மிசிசிப்பி ஸ்டேட்டில் அவருடைய முதல் ஆட்டம்: எல்எஸ்யு அணி ஆளுக்கு ஆள் துரத்தும் காவலை நம்பி நின்றது, மெஷ்ஷுக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. கே.ஜே. கொஸ்டெல்லோ 623 யார்டு வீச, 44-34 என்று வென்றார்கள். அடுத்த வாரம் ஆர்கன்சா அணி மூன்றே பேரைப் பாயவிட்டு எட்டுப் பேரைப் பின்னால் பரப்பி நிறுத்தியது. முன்பிருந்த இடைவெளிகள் எல்லாம் அடைபட்டன. முன்வரிசையில் மூன்று பேர்தான் நிற்கும்போது நடுவில் ஓடுவதே பதில். லீச் போதுமான அளவு ஓடவிடவில்லை. 21-14 என்று தோற்றார். நல்ல கட்டுமானத்துக்கு இன்னொரு கதவும் வேண்டும் என்பதை அவருடைய மாணாக்கர்கள் அவரைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். 2022 டிசம்பரில் லீச் காலமானார். அடுத்த ஆண்டு மே மாதம் ஐயோவா வெஸ்லியனும் நிரந்தரமாக மூடப்பட்டது.

மாணாக்கர்களில் ஒருவரைச் சொல்ல வேண்டும். 1999இல் லீச் ஒரே ஒரு பருவம் ஓக்லஹோமாவில் தாக்குதல் பயிற்சியாளராக இருந்தார். முந்தைய ஆண்டு 5-6 என்று முடித்திருந்த அணி. யூட்டாவில் ஒரு ஜூனியர் கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்த இடக்கை வீச்சுக்காரர் ஜோஷ் ஹைப்பலை அங்கே அழைத்து வந்தார். 2000இல் ஹைப்பல் வழிநடத்த ஓக்லஹோமா ஒரு தோல்வியும் இல்லாமல் தேசியப் பட்டம் வென்றது. அதே ஹைப்பல் 2021இல், 3-7 என்று நொறுங்கிக்கிடந்த டென்னசி அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரானார். அவருடைய ஆட்டம் லீச்சுடையது அல்ல. ஓட்டம் நிறைய உண்டு, வேகம் இன்னும் கூடுதல், வேறு ஆட்டமுறைகளின் சாயலும் உண்டு. அகலத்தை மட்டும் லீச்சைவிடத் தீவிரமாக எடுத்துக்கொண்டார்.

2022 அக்டோபர் 15 அன்று நாக்ஸ்வில்லில் டென்னசி, தொடர்ந்து பதினைந்து ஆண்டுகள் தன்னைத் தோற்கடித்துவந்த அலபாமாவை 52-49 என்று வென்றது. டென்னசி ரிசீவர் ஜேலின் ஹயட் பிடித்த பந்துகளில் ஐந்து டச்டவுன், அதாவது கோல் கோட்டைத் தாண்டியவை. அந்த ஆட்டத்தின் பதிவு கிடைத்தால், டென்னசியின் ஒவ்வொரு முயற்சியும் தொடங்குவதற்கு முந்தைய கணங்களைப் பாருங்கள். இருபுறமும் வெளி ரிசீவர்கள் எல்லைக்கோட்டுக்கு அருகே, பல அணிகள் ஆளை நிறுத்தவே நினைக்காத இடத்தில் போய் நிற்கிறார்கள். அவர்களோடு காவலர்களும் போயாக வேண்டும். நடுவில் மிஞ்சும் பாதுகாவலருக்கு இரண்டு பக்கமும் ஓடி எட்ட முடியாத தூரம். அவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று குவார்ட்டர்பேக் ஹெண்டன் ஹுக்கர் ஒரு பார்வை பார்க்கிறார். ஹயட் அதற்குள் அவரைத் தாண்டியிருக்கிறார்.