வம்சாவளியும் வட்டிக்கடையும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்பகுதியில் இராமச்சந்திரபுரம், அரிமளம், ராயவரம், கோனாபட்டு, வலையபட்டி, மேலைச்சிவபுரி என்று நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. அங்கே மணிவிழாவோ சதாபிஷேகமோ நடந்தால் மலர் ஒன்று அச்சாகும். அதில் பெரும்பாலும் வம்சாவளியும் இருக்கும். வணிக வரலாறு எழுதுகிறவர்களுக்கு இது புதையல். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இரங்கூன், பினாங்கு, கொழும்பு, சிங்கப்பூர்க் கடைகளின் விலாசங்களைச் சேர்த்து, யார் யாருக்குச் சம்பந்தி, யார் யாரோடு கூட்டு என்று கோடு இழுத்து, குடும்பமும் தொழிலும் பின்னிய வரைபடம் ஒன்றை உருவாக்குகிறார்கள். இந்த முறை நமக்கு நிறையத் தந்திருக்கிறது. ஆனால் கோட்டை இழுப்பவர்கள், அந்தக் கோட்டின் வழியே என்ன போயிற்று, என்ன வந்தது என்று எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். என் மனத்தாங்கல் அதுதான்.

முதலில் பலத்தைச் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட வரைபடத்துக்கு இவ்வளவு உறுதியான அடித்தளம் உலகில் வேறு வணிகக் குழுக்களுக்கு வாய்ப்பது அரிது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ஆரம்பகால வெள்ளிக் கொல்லர்களை ஆராய்ந்தவர்கள் தேவாலயப் பதிவுகளிலும் உயில்களிலும் துழாவித்தான் யார் யாரிடம் தொழில் பழகினார், யார் யார் வீட்டில் பெண் எடுத்தார் என்று கண்டுபிடித்தார்கள். ஜான் கோனியும் ஜெரமையா டம்மரும் அக்கா தங்கையை மணந்த சகலபாடிகள் என்பதும், கொல்லர் பால் ரெவரின் தந்தை அதே கோனியிடம் தொழில் பழகியவர் என்பதும் அப்படித் தேடி எடுத்த செய்திகள். நகரத்தாருக்கோ பதிவேடு வாழ்க்கையிலேயே இருக்கிறது. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்னும் ஒன்பது கோயில்களில் ஒன்றைச் சேராத நகரத்தார் இல்லை. திருமணம் ஆன ஆண் ஒரு புள்ளி. புள்ளிக்கு வரி உண்டு. கல்யாணத்துக்குக் கோயில் மாலை வர வேண்டும். திருமணத்தின்போது இசைகுடிமானம் என்னும் ஒப்பந்த ஏடு எழுதப்படும். ஒரே கோயிலார் பங்காளிகள் என்பதால் பொதுவாகப் பெண் கொடுத்து எடுக்கும் வழக்கம் இல்லை. இரணியூரும் பிள்ளையார்பட்டியும் வேறு வேறு கோயிலானாலும் அண்ணன் தம்பி முறை. இவ்வளவு தெளிவான விதிகள் இருப்பதால், வரைபடத்தில் ஒரு கோடு தவறினால் அந்த விதிகளே தவறைக் காட்டிக் கொடுத்துவிடும்.

சிக்கல் பெயரிலிருந்து தொடங்குகிறது. மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனார் பெயர், அடுத்தவனுக்குத் தாய்வழிப் பாட்டனார் பெயர் என்பது வழக்கம். 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியாரின் தந்தை முத்தையா, மகனும் முத்தையா. ஒன்றுவிட்ட தலைமுறையில் அதே பெயர் திரும்பி வருகிறது. மூதாதையர் பெயரெழுத்துகளால் ஆன கடை விலாசமோ, அதில் பெயருள்ள மூதாதை மறைந்து இரண்டு தலைமுறை கழிந்த பிறகும் கடைப் பலகையிலும் உண்டியலிலும் உயிரோடு இருக்கும். கடைக் கடிதத்தில் ஒரு விலாசத்தைப் பார்த்து இன்னார்தான் என்று வம்சாவளியில் விரல் வைக்கிறவர், தாத்தா செய்த வியாபாரத்தைப் பேரன் தலையில் ஏற்றிவிடக் கூடும். சுவீகாரம் இதை இன்னும் சிக்கலாக்குகிறது. பெரும்பாலும் அதே கோயில் பங்காளி வீட்டிலிருந்து பிள்ளை கூட்டுவார்கள். அச்சிட்ட வம்சாவளியில் அவர் புகுந்த வீட்டுக் கொடியில் மட்டும் இருப்பார். பிறந்த வீட்டோடு தொடர்ந்த கொடுக்கல் வாங்கலுக்குக் கோடு இருக்காது.

இதைவிடப் பெரிய குறை, இரண்டு வகை உறவை ஒரே கோட்டில் அடைப்பது. 1993இல் பேட்ஜெட், ஆன்செல் என்னும் இரு ஆய்வாளர்கள் பிளாரன்ஸ் நகரத்து மெடிச்சி குடும்பத்தைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் இந்தத் துறையில் முன்மாதிரி. அவர்கள் திருமண உறவையும் வணிக உறவையும் தனித்தனியே வரைந்தார்கள். மெடிச்சி வீட்டார் பெண் கொடுத்து எடுத்தது ஒரு வகைக் குடும்பங்களோடு, வியாபாரம் செய்தது வேறு வகைக் குடும்பங்களோடு என்பது அதனால்தான் வெளிப்பட்டது. நம் வரைபடங்களில் சம்பந்தி என்றாலே கூட்டாளி, பங்காளி என்றாலே ஒரே முதல் என்ற அனுமானம் மறைந்து நிற்கிறது. செட்டிநாட்டு வழக்கமோ வேறு. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் 'வேறு வைத்து'விடுவார்கள்: ஒரே வளவு, ஒரே முகப்பு, ஆனால் தனி அடுப்பு, தனிக் கணக்கு. வெளியிலிருந்து பார்ப்பவர் பெரிய கூட்டுக் குடும்பம் என்று எழுதிவிடுவார். உள்ளே புள்ளிக்குப் புள்ளி தனித்த முதல் வட்டிக்குப் போய்க்கொண்டிருக்கும். டேவிட் ரட்னர் 1994இல் வெளியிட்ட நூல் சாதி, கோயில், வங்கித்தொழில் மூன்றையும் ஒன்றாக வைத்துப் படித்ததன் அருமை இங்கேதான் புரிகிறது.

பெண்களை இந்த வரைபடங்கள் நடத்தும் விதம் எனக்கு ஆறாத வருத்தம். ஆச்சியின் பெயர் கணவர் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும். பல மலர்களில் அதுவும் இருக்காது. ஆனால் ஆச்சி கொண்டுவந்த சீதனப் பணம் அவர் பேரிலேயே வரவு வைக்கப்பட்டு, வட்டி ஏறி, கடைகளுக்கு முதலாகப் பயன்பட்டது. இரு வீட்டுக் கடைகளுக்கிடையே நம்பிக்கையைக் கட்டி நிறுத்தியதும், தொழில் நொடித்த காலத்தில் குடும்பத்தைத் தாங்கியதும் பல வீடுகளில் அந்தப் பணந்தான். யூகோ நிஷிமுரா 1998இல் நகரத்தார் பெண்களின் உறவுமுறையையும் சொத்துரிமையையும் பற்றித் தனி நூலே எழுதினார். அதற்குப் பிறகும் ஆண்வழிக் கொடியை மட்டும் வரைந்து 'வணிகக் குடும்ப வரலாறு' என்று தலைப்பிடுவது ஏற்கத் தக்கதல்ல. தாயிடமிருந்து மகளுக்குப் போன பணத்தைக் கோடாக இழுத்துப் பார்த்தால், பங்காளிகளின் வம்சாவளி காட்டாத வேறொரு நகரத்தார் உலகம் எழும்பி வரும். கோயில் எல்லையையும் ஊர் எல்லையையும் தாண்டி முதல் நகர்ந்த வழி அது.

அடுத்து, கடையில் வேலை பார்த்தவர்கள். மூன்று வருடக் கணக்கு (பணித் தவணை) என்று கப்பலேறிய மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எல்லாரும் முதலாளிக்கு உறவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மேலைச்சிவபுரியில் 1917இல் பிறந்த வ.சுப. மாணிக்கம் சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, தாய்வழிப் பாட்டன் பாட்டியிடம் வளர்ந்து, சிறுவனாகவே பர்மாவுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனவர். முதலாளிக்காகப் பொய் சொல்ல மறுத்து வேலையை இழந்தார். பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். தமிழறிஞர் ஆனதால் அவர் கதை நமக்குத் தெரிகிறது. ஊர் திரும்பி அடையாளம் இல்லாமல் மறைந்த பெட்டியடிப் பையன்களுக்கு எந்த வரைபடத்திலும் இடம் இல்லை. கடையின் அன்றாட நடப்பு அவர்கள் கையில்தான் இருந்தது.

புதுக்கோட்டைப் பக்கத்துக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. 1948 மார்ச் வரை இது தொண்டைமான் சமஸ்தானம். காரைக்குடிப் பக்கம் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. ஒன்பது கோயில்களும் இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் இருக்க, அவற்றின் புள்ளிகளில் கணிசமானோர் சமஸ்தானத்துக் குடிகள். பங்காளிகளில் ஒருவருடைய தாவா தர்பார் ஆவணங்களிலும், மற்றவருடையது சென்னை மாகாண ஆவணங்களிலும் சிதறிக் கிடக்கும். செட்டிநாடு என்றாலே காரைக்குடி என்று எழுதிப் பழகியவர்கள் அந்தப் பக்கக் கட்டுகளை மட்டும் புரட்டுகிறார்கள். சமஸ்தானத்து ஊர்கள் வரைபடத்தின் ஓரத்தில் கோடின்றி நிற்கும் புள்ளிகளாகிவிடுகின்றன.

வம்சாவளிக்குள் வராத கடைசி ஆள் கடன்காரர். 1930 அளவில் பர்மாவில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் அவர்கள் கைவசம் அப்போது இருந்தது 6 விழுக்காடு நிலம். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை சரிந்து, கடன் திரும்பாமல், நிலமே கடனுக்கு ஈடாக வந்து சேர, 1938க்குள் அது 25 விழுக்காடாயிற்று. பர்மிய விவசாயியின் கோபத்துக்கும், 1948 முதல் வந்த நில தேசியமயத்துக்கும், சொத்தைப் பறிகொடுத்து ஊர் திரும்பிய குடும்பங்களின் துயரத்துக்கும் இந்தக் கணக்கில்தான் வேர் இருக்கிறது. யாருக்கு யார் மைத்துனர் என்று எத்தனை துல்லியமாக வரைந்தாலும் இது அதில் தெரியாது. பேரேட்டிலும் புரோநோட்டிலும் ஐந்தொகையிலும்தான் தெரியும். வம்சாவளி அச்சிடுகிற வீட்டார், அலமாரியில் இன்னும் பழைய கணக்குப் புத்தகம் இருந்தால், அதில் நான்கு பக்கங்களைப் படமெடுத்து அதே மலரில் சேர்க்கட்டும். பற்று எழுதிய பெயர்களையும் அழிக்காமல் சேர்க்கட்டும்.