நியமனமும் தனித்தன்மையும்: முதுகலை ஆய்வேட்டுக்கு ஒன்பதினாயிரப்படி காட்டும் நெறி

திருச்சி காந்தி மார்க்கெட்டிலிருந்து திருவரங்கம் செல்லும் மாணவர் நாள்தோறும் கடக்கும் காவிரியிலேதான் நஞ்சீயரின் ஒன்பதினாயிரப்படி ஏடுகள் போயின என்பது குருபரம்பரைச் செய்தி. படியெடுக்க அவற்றைப் பெற்றுச் சென்ற நம்பிள்ளை, கேட்டிருந்தவாறே மீண்டும் எழுதினார். சிலவிடங்களில் தமக்குத் தோன்றிய பொருள்களையும் சேர்த்தார். ஆசாரியர் கண்டு உகந்தார். பின்னாளில் அந்த நம்பிள்ளையே, தாம் அருளிச்செய்த திருவாய்மொழிப் பொருளை வடக்குத் திருவீதிப் பிள்ளை அனுமதியின்றி ஏடுபடுத்தியதறிந்து, அந்த ஈடு முப்பத்தாறாயிரப்படியைத் தம்மிடம் வாங்கிக்கொண்டார்.

சேர்த்து எழுதியவர் உகப்புக்கு இலக்கானார். கேட்டபடி எழுதியவர் தடுக்கப்பட்டார். இது முரணன்று. முன்னதில் நியமனம் உண்டு, பின்னதில் இல்லை. ஆகவே நெறியாளரின் கீழ் முதுகலை மாணவர் தனித்து இயற்றும் ஆய்வேட்டில் புதுப்பொருள் காண்பது மீறலாகாது. நெறியாளர் அறியாமல் எழுதி முடித்து, இறுதியில் கையொப்பம் மட்டும் கேட்பதே மீறல். பூர்வர்களின் உரைகளைச் சுருக்கித் தருவதோடு நின்றுவிடுவது பணிவுமன்று, அது படியெடுப்பே.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நஞ்சீயர் வாக்கு எது, நம்பிள்ளை சேர்த்தது எது என்று ஒன்பதினாயிரப்படி பிரித்துக் காட்டுவதில்லை. ஆசாரியரும் சீடரும் ஒரே பொருளுக்குக் குரலாக நிற்கும் சம்பிரதாயத்தில் அது குறையன்று, ஆய்வேட்டிலோ பெருங்குறை. ஒரு பதிகத்தின் 11 பாசுரங்கள் போதும்: அவற்றுக்கு ஆறாயிரப்படி முதல் ஈடு வரை உள்ள உரைகளை ஒப்பிட்டு, பூர்வர் கூறியது இது, தான் கண்டது இது என்று மாணவர் வரையறுத்துக் காட்டினால், நியமனமும் தனித்தன்மையும் ஒருங்கே நிறைவேறும்.