பசலை விற்பனைக்கு: மலிவு ஒப்பனைப் பொருட்களை வாசித்தல்

1

ஒப்பனை பற்றிப் பேசுவதில் நமது சிறுபத்திரிகைச் சூழலுக்கு ஒரு கூச்சம் உண்டு. சினிமாவைக் கட்டுடைத்தாயிற்று, பாடப்புத்தகத்தை, பத்திரிகைத் தலையங்கத்தை, தொலைக்காட்சித் தொடரைக்கூடக் கட்டுடைத்தாயிற்று. பேன்சி ஸ்டோர் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிற மலிவு ஃபவுண்டேஷன் குழாயையும் ஐஷேடோ டப்பாவையும் ஒரு பிரதியாக எடுத்து வைத்துக்கொண்டு வாசிக்க மட்டும் ஆளில்லை. 'பொம்பளைங்க சமாச்சாரம்' என்று ஒதுக்குவது ஒருவகை. 'நுகர்வுக் கலாச்சாரம்' என்ற ஒற்றைச் சொல்லால் தீர்ப்பெழுதிவிட்டுப் போவது இன்னொரு வகை. இரண்டுமே வாசிப்பைத் தவிர்க்கும் உபாயங்கள்தாம். ரொலாண் பார்த் 1957இல் வெளிவந்த தமது நூலில் சோப்புத்தூள் பற்றியும் நடிகை கார்போவின் முகம் பற்றியும் எழுதியதை இங்கே மேற்கோள் காட்டாதவர் இல்லை. ஆனால் நம் தெரு முனைக் கடையின் முகப்பூச்சு நமக்கு இன்னும் கோட்பாட்டுக்குத் தகுதி பெறவில்லை.

மதுரைக்கு இந்த விஷயத்தில் ஒரு துயரமான வரலாறும் இருக்கிறது. 1996 நவம்பரில் பெங்களூரில் உலக அழகிப் போட்டி நடந்தபோது, அதை எதிர்த்து மதுரையில் ஓர் இளைஞர் தீக்குளித்து இறந்தார். அன்றைய எதிர்ப்பில் இடதுசாரிகளும் இருந்தார்கள், இந்துத்துவ அமைப்புகளும் இருந்தன. ஒரு தரப்பு ஏகாதிபத்தியம் என்றது, மறு தரப்பு பாரதப் பண்பாடு என்றது. காரணங்கள் வேறுதான். அவற்றை ஒன்றாக்குவது நேர்மையல்ல. என்றாலும், தெருக்கடையில் மையும் பவுடரும் வாங்கிப் பூசிக்கொண்டு வேலைக்குப் போகிற பெண் அந்த விவாதத்தில் எங்கே இருந்தாள்? அவளைப் பற்றிப் பேசினார்கள். அவளோடு பேசியவர்கள் குறைவு.

2

திருநகரில் பஸ் ஸ்டாப்புகளுக்கே முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்றுதான் பெயர். அவற்றை ஒட்டிய பேன்சி ஸ்டோர்களிலும், பக்கத்தில் ஆலைத் தொழிலாளர் குடியிருப்பாக உருவான ஹார்விபட்டியிலும், டவுனுக்குள் எழுகடல் தெருப் பக்கமும் தோழிகள் சிலர் மலிவான ஃபவுண்டேஷன்களையும் ஐஷேடோ டப்பாக்களையும் வாங்கிப் போட்டுப் பார்த்தார்கள். எல்லாரும் மாநிறமோ கறுப்போதான். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, நடந்தது ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

பூசியவுடன் 'பளிச்'. ஒரு மணி நேரத்தில் வெயிலும் வியர்வையும் சேர்ந்து முகம் சாம்பல் பூத்துவிடுகிறது. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். கடையில் தொட்டுப் பார்க்க மாதிரிக் குழாய் கிடையாது. கேட்டால் வந்த பதில்: "அக்கா, ஒங்க கலருக்கு வராதுக்கா. கொஞ்சம் லைட்டா எடுத்துக்கிருங்க, அப்பத்தான் எடுப்பா இருக்கும்." கடைப்பெண்ணும் அதே நிறம்தான். அவள் பொய் சொல்லவில்லை. தன் முன்னால் இருக்கிற ஷேடு கார்டை வாசித்துக் காட்டுகிறாள், அவ்வளவே. அந்த அட்டையில் ஐவரி, பீஜ், ஹனி என்று தந்தமும் தேனும் இருக்கின்றன. கருப்பட்டி இல்லை, பனங்கொட்டை இல்லை, கரிசல் இல்லை.

சாம்பல் பூப்பதற்கு ரசாயனக் காரணம் உண்டு. முகப்பூச்சின் வெண்மைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு. அதை நிறத்துக்குக் கொண்டுவர மஞ்சள், சிவப்பு, கறுப்பு இரும்பு ஆக்சைடுகள். வெளிறிய தோலுக்கென்று செய்த கலவையில் வெள்ளையைக் குறைக்காமல் கொஞ்சம் கறுப்பைக் கலந்து 'டார்க் ஷேடு' என்று விற்றால் கிடைப்பது கறுப்பு அல்ல, சாம்பல். நம் தோலுக்குள் இருக்கிற சிவப்பையும் மஞ்சளையும் அந்தக் கலவை கணக்கில் எடுக்கவில்லை. அதாவது, கறுப்பு என்பது வெள்ளையில் அழுக்குச் சேர்ந்த நிலை என்ற பழைய கருத்தியல் இங்கே ஒரு தயாரிப்பு முறையாகவே உறைந்திருக்கிறது. ஃபனான் 1952இல் கறுப்புத் தோலின் மீதான வெள்ளை முகமூடி என்று பேசியது உருவகம். பேன்சி ஸ்டோரில் அது டப்பாவில் அடைத்த சரக்கு.

ஷேடு ஒவ்வொன்றும் தனி இருப்பு, தனி முதலீடு. சின்னக் கடைக்காரர் ஓடுகிற சரக்கைத்தான் வாங்கி அடுக்குவார். அடர்ந்த ஷேடு வருவதில்லை, வராததால் விற்பதில்லை, விற்காததால் தேவை இல்லை என்று கணக்கெழுதப்படுகிறது. சந்தை தேவைக்கேற்பப் பொருள் தருகிறது என்பார்கள். இங்கே அலமாரிதான் தேவையைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் பாடகி ரிஹானாவின் ஃபென்டி நிறுவனம் 2017இல் ஒரே நேரத்தில் 40 ஷேடுகளோடு வந்தபோது, அது ஏதோ அதிசயம்போல் பேசப்பட்டது. அதற்குப்பின் பெரிய கம்பெனிகள் அடர்ந்த ஷேடுகளைக் கூட்டின. முடியாது என்று இத்தனை காலம் சொன்னது தொழில்நுட்பம் அல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் அந்த விலை திருநகருக்குக் கட்டாது. கறுப்புக்குரிய பூச்சு காசு உள்ள கறுப்புக்கு மட்டும்.

3

நமது பேச்சுமொழியே இந்த அட்டையை முன்கூட்டித் தயாரித்து வைத்திருக்கிறது. 'பொண்ணு நல்ல கலரு' என்றால் வெளுப்பு என்று பொருள். நிறம் குறைந்தவளுக்குத்தான் 'கலர்' என்ற பட்டம். நிறம் மிகுந்தவள் 'கலர் கம்மி'. 'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா' என்பதில் அந்த 'இருந்தாலும்' என்ன வேலை செய்கிறது? பாராட்டும் வாக்கியத்துக்குள்ளேயே ஒரு அபராதம் வசூலிக்கப்படுகிறது. கல்யாணத் தரகரின் நோட்டில் 'மாநிறம்', 'புதுநிறம்' எல்லாம் கறுப்பைச் சொல்லாமல் சொல்லும் இடக்கரடக்கல்கள்.

அந்த 'மாநிறத்தின்' பழைய பொருளைக் கொஞ்சம் தோண்டினால் வேறொன்று அகப்படுகிறது. சங்க அகப்பாடல்களில் தலைவியின் அழகு 'மாமை'. மாந்தளிரின் நிறம் என்று உரைகள் விளக்கும். பிரிவால் அந்த மாமை கெட்டு, பீர்க்கம்பூப் போல் வெளிர்மஞ்சள் படர்ந்தால் அது பசலை. திருக்குறளில் 'பசப்புறு பருவரல்' என்று ஓர் அதிகாரமே (119) அதற்கு உண்டு. வெளிறுவது அங்கே நோய், இழப்பு, தோழியும் தாயும் கவலைப்படுகிற விஷயம். இன்றைய பேன்சி ஸ்டோர் காசு வாங்கிக்கொண்டு தருவது ஏறக்குறைய அந்தப் பசலையைத்தான்.

உடனே 'அந்தக் காலத்தில் தமிழன் கறுப்பைக் கொண்டாடினான்' என்று பொற்காலம் கட்டக் கிளம்பிவிட வேண்டாம். மாமையும் தலைவனின் பார்வைக்கு உட்பட்ட உடல்தான். அது போனால் அவன் இல்லாததற்கு அடையாளம், திரும்பினால் அவன் வந்ததற்கு அடையாளம். தோலின் நிறம் ஆண் இருப்பின் மானியாகச் செயல்படுகிறது. பிற்காலத்தில் இதுவே மஞ்சள், குங்குமம், மை, பூ என்று சடங்காக இறுகியது. முகத்தில் எதைப் பூசலாம் என்பதைத் தாலி தீர்மானித்தது. கைம்பெண்ணிடமிருந்து அத்தனையும் பறிக்கப்பட்டன. 'இயற்கை அழகே போதும், செயற்கைப் பூச்சு எதற்கு' என்று பேசுகிறவர்கள் இந்த வரலாற்றை மறைத்துவிட்டுத்தான் பேச முடியும். தமிழ்ப் பெண்ணின் முகம் ஒருபோதும் வெறும் இயற்கையாக விடப்பட்டதில்லை.

பேன்சி ஸ்டோர் ஒரு உடைப்பை நிகழ்த்தியது இந்த இடத்தில்தான். அது தாலி இருக்கிறதா என்று கேட்பதில்லை, சாதி கேட்பதில்லை, காசு மட்டும் கேட்கிறது. புருஷன் செத்தவள் ஐடெக்ஸ் மை வாங்கலாம். திருநங்கை லிப்ஸ்டிக் வாங்கலாம். சடங்கின் பிடியிலிருந்து முகத்தை அது விடுவித்தது உண்மை. விடுவித்த கையோடு ஷேடு கார்டிடம் ஒப்படைத்ததும் உண்மை. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லும் விமர்சனம் பாதி விமர்சனம்.

4

ஃபவுண்டேஷனையும் ஐஷேடோவையும் ஒரே சாமானாகப் பார்ப்பது தவறு. இரண்டும் இரு வேறு எழுத்துமுறைகள்.

ஃபவுண்டேஷன் ஒரு யதார்த்தவாதி. தான் பூசப்பட்டிருப்பதே தெரியக்கூடாது என்பது அதன் லட்சியம். 'இதுதான் என் தோல்' என்று சொல்லவைக்கும். தான் கட்டமைக்கப்பட்டதை மறைத்துக்கொண்டு இயற்கைபோல் நடிக்கிற யதார்த்தவாத நாவலை நாம் எவ்வளவு கேள்வி கேட்டோம்! அதே கேள்விகள் இந்தக் குழாய்க்கும் பொருந்தும். 'நியூட்' என்றொரு நிறப்பெயர் உண்டு. நிர்வாணம் என்று அர்த்தம். யாருடைய நிர்வாணம்? வெளிர் ரோஸ் நிறத்தை எல்லா மனிதருக்கும் பொதுவான தோலாக நிறுத்துகிற அந்த ஒற்றைச் சொல்லில் ஒரு பெருங்கதையாடல் அடங்கியிருக்கிறது.

ஐஷேடோ அப்படி அல்ல. யாருக்கும் இமை நீலமாகவோ பச்சையாகவோ பொன்னாகவோ இருப்பதில்லை. அது தன்னைப் பூச்சு என்று ஒத்துக்கொள்கிறது. மலிவு டப்பாக்களைப் போட்டுப் பார்த்ததில் வெளிர் ரோஸ், பவுடர் நீலம் எல்லாம் நம் இமையில் சுண்ணாம்பு மாதிரி நின்றன. ஆனால் செம்பு, கரும்பச்சை, மயில்நீலம், பழுப்புப் பொன் ஆகியவை அடர்ந்த தோலில்தான் எரிந்தன. வெளுத்த தோலில் இவை தனியே ஒட்டிக்கொண்டு நிற்கும். கறுப்பு இங்கே குறையல்ல, நிறம் நிற்பதற்கான தளம். மதுரைக்கு இது தெரியாததா? இந்த ஊரின் மீனாட்சிக்கு மரகதப் பச்சை நிறம் சொல்கிறது மரபு. அழகர்கோயிலின் வாசலில் காவல் நிற்பது கருப்பு.

ஒத்துக்கொள்கிற பூச்சுக்கு மதுரையில் வேறொரு மரபும் உண்டு: அரிதாரம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். சிறுவர்களே வள்ளியாகவும் தமயந்தியாகவும் வந்தார்கள். முகப்பூச்சு பெண்ணைச் செய்தது; பார்த்தவர்களுக்கும் அது தெரிந்தேயிருந்தது. இன்றும் ஸ்பெஷல் நாடகத்தில் ரோஸ் பூசிய முகம் 'நான் வேஷம்' என்று உரக்கச் சொல்கிறது. ஆனால் அந்தக் கலையை இரவெல்லாம் சுமக்கிற நடிகைக்கு நாம் கொடுத்தது என்ன? மதுரையின் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களைப் பற்றி 2005இல் நூல் எழுதிய சூசன் சைசர், நாடகத்துக்குப் போகிற வழியில் தம்மைக் குடும்பப் பெண்ணாகக் காட்டிக்கொள்ள அந்தப் பெண்கள் படும் பாட்டை விரிவாக எழுதியிருக்கிறார். தெரிகிற பூச்சுக்குப் பழிச்சொல்லும் தெரியாத பூச்சுக்குக் 'குடும்பப்பாங்கு' என்ற சான்றிதழும் கிடைக்கின்றன. கண்ணுக்குக் கலர் அடித்த பெண்ணைத் தெருவில் கேலி பேசுகிறவன், ஃபவுண்டேஷன் பூசிய மணப்பெண்ணை 'லட்சணமா இருக்கா' என்கிறான்.

5

பெயர்களில் ஒரு சுற்று உண்டு. லக்மே 1952இல் டாட்டா குழுமம் தொடங்கிய நிறுவனம். பெயர் 1883இல் பாரிசில் அரங்கேறிய டெலீபின் இசைநாடகத்தின் நாயகியுடையது. லட்சுமி என்ற பெயர்தான் அங்கே போய் லக்மே ஆயிற்று. வெள்ளை அதிகாரியைக் காதலித்து ஊமத்தை தின்று சாகிற பிராமணப் பெண் அவள். காலனியக் கற்பனை செய்த இந்தியப் பெண்ணை, சுதந்திர இந்தியா தன் அழகுக்குப் பெயராகச் சூட்டிக்கொண்டது. 1998இல் அது ஹிந்துஸ்தான் லீவரின் கைக்குப் போனது. அதே லீவர்தான் 1975இல் ஃபேர் அண்ட் லவ்லியைக் கொண்டுவந்தது. 'மகன் இல்லையே' என்று தகப்பன் ஏங்க, மகள் வெளுத்து வேலை வாங்குகிற விளம்பரத்தை எதிர்த்து அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் 2002, 2003இல் போராடி நிறுத்தவைத்தது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட பிறகு, 2020இல் 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. பெயர் மாறியது, குழாய் அதேதான்.

பன்னாட்டு மூலதனத்தை மட்டும் வில்லனாக்கிவிட்டுத் தப்பிக்கவும் முடியாது. ஷாம்பூவைச் சின்னப் பொட்டலமாக்கிக் கூலிக்காரர் கைக்கு எட்டவைத்த கடலூர்க்காரர்களின் கவின்கேர், ஃபேர்எவர் என்று வெளுப்பையும் விற்றது. மண்ணின் மைந்தரின் மூலதனத்துக்கும் கறுப்பு ஒரு வியாதிதான்.

இதன் உச்சம் பாதரசம். மெலனின் உருவாவதைத் தடுக்கும் என்பதற்காக வெளுப்புக் கிரீம்களில் கலக்கப்படுகிறது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அதில் ஒரு குறிப்பிட்ட வகைப்பட்ட 15 பேரில் 13 பேர் வெளுப்புக் கிரீம் பூசியவர்கள். நிறத்தின் கருத்தியல் சிறுநீரகத்தில் போய்ப் படிகிறது. இது உருவகமில்லை.

மினுக்கத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ஐஷேடோவின் பளபளப்பு மைக்கா என்ற அபிரகம். ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடீ பக்கம் கைவிடப்பட்ட சுரங்கங்களில் குழந்தைகள் அதைப் பொறுக்குகிறார்கள், மண் சரிந்து சாகிறார்கள் என்பதை 2016இல் செய்தியாளர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். மலிவு என்பது யாரோ ஒருவருடைய கூலியிலிருந்து கழிக்கப்பட்டது.

6

அப்படியானால் முகத்தைக் கழுவிவிட்டு வா என்று பெண்ணிடம் சொல்லலாமா? ஜவுளிக்கடையில் 'பிரைட்டா' நிற்பதும் வேலையின் நிபந்தனை. நிற்கிற பெண்களுக்கு உட்கார ஒரு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வருவதற்கே 2021 ஆயிற்று. அவளுடைய ஒப்பனை உழைப்பின் ஒரு பகுதி. அதற்கான செலவை அவளே போட்டுக்கொள்கிறாள். அவளிடம் எளிமை போதிக்க நமக்கு எந்த யோக்கியதையும் கிடையாது.

பிரித்துப் பார்க்கவேண்டியது வேறு. நிறம் ஏற்றுவது ஒன்று, நிறம் நீக்குவது இன்னொன்று. முன்னது விளையாட்டு, சாயங்காலம் கழுவினால் போய்விடும். பின்னது உடலின் மீதான தீர்ப்பு, கழுவினால் போகாது. நமது இயக்கங்கள் முன்னதைச் சீரழிவென்று கண்டித்து, பின்னதை வீட்டுக்குள் சகித்துக்கொண்டன. பெண் பார்க்கப் போகிற தோழர், 'பொண்ணு என்ன கலரு' என்று அம்மா கேட்கும்போது பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை. 1945இல் கறுப்புச் சட்டையை அரசியலாக உடுத்திய நாடு இது. சட்டைக்குக் கிடைத்த மரியாதை தோலுக்கு வரவில்லை.

சென்னையில் 2009இல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கம் தொடங்கியது. அது வேண்டியதுதான். ஆனால் 'கறுப்பும் அழகே' என்ற இடத்தோடு நின்றால் அழகு என்ற அளவுகோல் பத்திரமாக இருக்கும். அலமாரியும் அப்படியே இருக்கும். கடையில் கேட்கவேண்டியவை உண்டு: கழுத்துக்கும் முகத்துக்கும் ஒத்த ஷேடு எங்கே? தொட்டுப் பார்க்க மாதிரி எங்கே? லேபிளில் சேர்மானம், தயாரிப்பாளர் முகவரி, தயாரிப்பு உரிம எண் இருக்கிறதா? இல்லாத டப்பாவை வாங்காதே என்று தெருவில் பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது, கறுப்பின் அழகியல் பற்றிய பத்துக் கருத்தரங்குகளைவிட முன்னே போகும். பத்துப் பேர் சேர்ந்து திருநகர் கடைக்காரரிடம் அடர்ந்த ஷேடு வேண்டும் என்று ஒரு மாதம் கேட்டால், அவர் சப்ளை செய்பவரிடம் கேட்டே ஆகவேண்டும். அப்போதும் இல்லை என்று வந்தால், இல்லை என்று சொன்னது யார் என்பதாவது தெரியும்.