எட்டி கோர்டோவுக்கு இரண்டு எஜமானர்கள்

கதைகளில் வரும் பாத்திரங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவன், வீடியோ விளையாட்டில் எகிறி உதைக்கிற ஒரு பாத்திரத்தைப் பற்றி எழுத வந்தால் சில வாசகர்கள் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். பாத்திர சிருஷ்டியில் ஒரு பழைய சிக்கல் இருக்கிறது. நுட்பம் அறிந்தவனுக்கும் ஒன்றுமே அறியாதவனுக்கும் ஒரே பாத்திரம் உகந்ததாக இருக்க முடியுமா? நாவலை வைத்துக்கொண்டு இதற்கு விடை சொல்வது கஷ்டம். 1726-ல் வெளியான கலிவரின் யாத்திரைக் கதையில் குழந்தைகள் குள்ளர்களையும் ராட்சதர்களையும் பார்க்கிறார்கள். பெரியவர்கள் மனித குலத்தின் மேல் ஆசிரியருக்கு இருந்த கசப்பைப் பார்க்கிறார்கள். இரண்டு கட்சியாரும் ஒருவர் வழியில் ஒருவர் குறுக்கிடுவதில்லை. சண்டை விளையாட்டில் அப்படி இல்லை. தேர்ந்தவனும் தெரியாதவனும் எதிரெதிரே உட்கார்ந்து மோதுகிறார்கள். ஒருவன் தோற்றே ஆகவேண்டும். ஆகையால் நம்முடைய கேள்விக்கு அங்கே ரத்தமும் சதையுமாக ஒரு விடை கிடைக்கிறது.

ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1997-ல், காசு போட்டு ஆடுகிற கூடங்களுக்காக 'டெக்கென் 3' என்ற விளையாட்டை வெளியிட்டது. அடுத்த வருஷமே அது பிளேஸ்டேஷன் வழியாக வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. ஆட்டம் எளியது. இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். ஆளுக்கு நாலு பொத்தான்கள். இடக்கைக்கு ஒன்று, வலக்கைக்கு ஒன்று, இடக்காலுக்கு ஒன்று, வலக்காலுக்கு ஒன்று. அந்த விளையாட்டில் புதிதாக வந்தவன்தான் எட்டி கோர்டோ. பிரேஸில் தேசத்துப் பணக்கார வீட்டுப் பிள்ளை. தகப்பனாரைப் போதைப்பொருள் கும்பல் கொன்றுவிடுகிறது. சாகும் தறுவாயில் அவர் சொன்னபடி, 'கொன்றவன் நானே' என்று பொய் வாக்குமூலம் கொடுத்து எட்டி சிறைக்குப் போகிறான். வெளியே இருந்தால் அவனையும் கொன்றுவிடுவார்களே! சிறையில் ஒரு கிழவரிடம் கப்போயிரா என்ற வித்தையைக் கற்கிறான். கதை இவ்வளவுதான். நாலாந்தர சினிமாவுக்குக்கூட அவ்வளவாகப் போதாது. ஆனால் பாத்திரம் கதையில் இல்லை, கால்களில் இருக்கிறது.

விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவன் வேறு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பொத்தான்களைக் கண்டபடி தட்டினால் என்ன ஆகும்? ஒரு குத்து விழும், நிற்கும். ஓர் உதை விழும், நிற்கும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வலிப்புப்போல் இருக்கும். எட்டியை எடுத்துக்கொண்டு இரண்டு கால் பொத்தான்களையும் மாறி மாறித் தட்டிப் பாருங்கள். அவன் சக்கரமாகச் சுழல்வான். தலைகீழாகக் கைகளில் நிற்பான். தரையோடு தரையாகப் படுத்துக் காலால் வாருவான். எழும்போதே இன்னொரு காலை வீசுவான். ஓர் உதை எந்த நிலையில் முடிகிறதோ, அதே நிலை அடுத்த உதைக்குத் தொடக்கமாக அமைந்திருப்பதுதான் ரகசியம். நின்றாலும், படுத்தாலும், தலைகீழாக இருந்தாலும், எந்தக் கால் பொத்தானுக்கும் அவனிடம் ஒரு பதில் உண்டு. தவறான பொத்தான் என்று ஒன்று அநேகமாகக் கிடையாது.

எதிராளியின் சங்கடம் வேறு. இந்த விளையாட்டில் நின்றபடி தடுத்தால் மேலே வருகிற அடியும் நடுவே வருகிற அடியும் தடைப்படும். காலைக் குறிவைத்து வருகிற அடி உள்ளே புகுந்துவிடும். குனிந்து தடுத்தாலோ, நடு அடி வாங்கவேண்டி வரும். ஆகவே, எதிரி அடுத்தாற்போல் என்ன செய்ய நினைக்கிறான் என்று ஊகிப்பதே தேர்ந்தவனின் கலை. எட்டியின் உதைகளோ மேலும் கீழுமாகக் கலந்து வருகின்றன. அதுவும் தட்டுகிறவன் கையில் இருக்கும்போது, அடுத்தது எது என்று அவனுக்கே தெரியாது. தன் மனத்தில் இருப்பதைத் தானே அறியாதவன் மனத்தை எதிரி எப்படிப் படிப்பது?

இதனால்தான் எட்டியின் மேல் தேர்ந்தவர்களுக்கு அத்தனை எரிச்சல். அந்த எரிச்சலைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. அதில் காசு கலந்திருந்தது. ஆட்டக் கூடங்களில் ஜெயித்தவன் இடத்தைவிட்டு எழ வேண்டியதில்லை. தோற்றவன்தான் எழவேண்டும், மறுபடி ஆடக் காசும் போடவேண்டும். ஜப்பானில் அது நூறு யென். அமெரிக்காவில் கால் டாலர். மாதக்கணக்கில் பழகிய கை, இன்று காலை முதன்முதலாக உள்ளே நுழைந்த பையனிடம் நூறு யென்னைப் பறிகொடுக்கிறது. வயிறு எரியத்தானே செய்யும்!

ஆனால் தேர்ந்தவர்களிலேயே சிலர் எட்டியை விரும்பி எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் கையில் அவன் வேறு ஆள். தட்டுகிறவனால் செய்ய முடியாத ஒரு காரியத்தை அவர்கள் செய்கிறார்கள், நிறுத்துகிறார்கள். இந்த விளையாட்டில் ஒரு விநாடி அறுபது கூறாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் உதைக்கும் பிறகு எத்தனை கூறு நேரம் எட்டி திறந்தபடி கிடக்கிறான் என்பது கணக்கு. விஷயம் தெரிந்த எதிராளி அந்த இடைவெளிக்காகக் காத்திருப்பான். தேர்ந்த எட்டிக்கு அதுவும் தெரியும். அவன் மூன்றாவது உதையை விடாமல் தலைகீழாக நின்றுகொண்டே ஒரு கணம் தாமதிப்பான். 'முடிந்தது' என்று எதிராளி பாயும்போது அந்த உதை வந்து விழும். கால்கள் அவையே, பொத்தான்களும் அவையே. நடுவில் ஒரு மௌனம் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். வசனம் எழுதத் தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

இதையெல்லாம் விளையாட்டைச் செய்தவர்களின் தந்திரம் என்று மட்டும் நான் எண்ணவில்லை. அவர்கள் தேர்ந்தெடுத்த வித்தையிலேயே அந்தக் குணம் இருக்கிறது. கப்போயிரா, பிரேஸிலில் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்க மக்களிடையே வளர்ந்தது. வட்டமாக நின்று பாடுவார்கள். பெரிம்பாவ் என்ற ஒற்றைத் தந்தி வாத்தியம் ஒலிக்கும். நடுவில் இரண்டு பேர் ஆடுவார்கள். அது கூத்தா சண்டையா என்று வெளியாளுக்குத் தெரியாது. அதிகாரிகளுக்கு மட்டும் சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. 1890-ல் வந்த தண்டனைச் சட்டம் அதைக் குற்றமாக்கிற்று. பிற்பாடு மெஸ்த்ரே பிம்பா என்ற ஆசான் பள்ளி வைத்து நடத்தி, 1937-ல் அரசாங்க அங்கீகாரமும் பெற்றார். 2014-ல் யுனெஸ்கோ அந்த ஆட்ட வட்டத்தை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. எட்டியின் அசைவுகளுக்காக உண்மையான கப்போயிரா ஆசான் ஒருவரையே ஆடச் சொல்லிப் பதிவு செய்தார்கள். ஆகவே எட்டி அறியாதவன் கையில் கூத்தாகவும் அறிந்தவன் கையில் சண்டையாகவும் இருப்பது இயல்பே. அவன் வித்தைக்கு ஆதியிலிருந்தே இரண்டு முகம்.

எட்டிக்கு முன்னோடிகள் உண்டு. 1991-ல் காப்காம் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' என்ற விளையாட்டில் சுன்-லி என்ற சீனப் பெண் வருகிறாள். அவளுடைய மின்னல் உதைக்கு விதி ஒன்றே ஒன்று: உதைப் பொத்தானை விடாமல் வேகமாகத் தட்டு. இதில் ஒரு அழகு இருக்கிறது. பயந்துபோன புதியவன் என்ன செய்வான்? பொத்தானை விடாமல் தட்டுவான். அறியாமையின் இயல்பான சேஷ்டையே இங்கே வித்தையின் கட்டளையாகவும் இருக்கிறது. குருட்டாம்போக்கில் அல்ல, சரியான வழியிலேயே அவன் மின்னல் உதையைக் கண்டுபிடிக்கிறான். 'ஓகோ, வேகமாகத் தட்டினால் இப்படியா?' என்று தெரிந்துகொள்கிறான். ரியூ என்பவன் கையிலிருந்து எறிகிற நெருப்புப் பந்துக்கு இப்படித் தற்செயலாக வழி திறக்காது. கைப்பிடியைக் கீழிருந்து முன்னே கால்வட்டமாகச் சுழற்றிக் குத்தை அழுத்தவேண்டும். பல நாள் பழகினால்தான் அது கைக்கு அடங்கும்.

(அதே விளையாட்டில் தால்ஸிம் என்று நம் நாட்டு யோகி ஒருவரும் இருக்கிறார். கழுத்தில் மண்டையோட்டு மாலை, வாயில் நெருப்பு; கைகால்களை ரப்பராக நீட்டி அடிக்கிறார். எந்த யோக சாஸ்திரத்தில் கண்டார்களோ!)

2008-ல் வந்த நாலாம் பாகத்தில் சுன்-லியின் அந்த எளிய கட்டளையே தேர்ந்தவர்களுக்குப் பரீட்சையாயிற்று. ஓர் அடிக்கும் மறு அடிக்கும் நடுவிலுள்ள இம்மி நேரத்துக்குள் மின்னல் உதையைச் செருக வேண்டும். அதற்காக மூன்று உதைப் பொத்தான்களின் மேலும் விரல்களை ஓட்டினார்கள். அதற்குப் பியானோ என்றே பெயர் வைத்தார்கள். குழந்தை செய்த காரியத்தையே வித்வான் செய்கிறான், நூறு மடங்கு கடினமாக. 2016-ல் வந்த ஐந்தாம் பாகத்தில் அந்தக் கட்டளையை மாற்றி, ரியூவுக்கு வைத்ததுபோலவே கால்வட்டமாக்கிவிட்டார்கள். வித்வானுக்குச் சுலபமாகிவிட்டது, குழந்தைக்குக் கதவு அடைபட்டது. இரண்டு பேருக்கும் நஷ்டம் என்பது என் அபிப்பிராயம்.

சுன்-லியோடு ஒப்பிடும்போது எட்டியிடம் ஒரு குறை தெரிகிறது. சுன்-லி கற்றுக்கொடுக்கிறாள். எட்டி பரிசு கொடுக்கிறான். ஆனால் ஏன் கொடுத்தான் என்று சொல்வதில்லை. ஜெயித்தவன் தான் என்ன செய்தான் என்பதை அறியாமலே அடுத்த ஆட்டத்துக்குப் போகிறான். இடைவெளி தெரிந்த ஒரு எதிராளி வந்து உட்கார்ந்ததும் பத்து ஆட்டம் வரிசையாகத் தோற்கிறான். அப்போது அவனுக்கு ஏறுவதற்குப் படி இல்லை. முதல் படிக்கும் பத்தாம் படிக்கும் நடுவே ஒன்றுமே கட்டப்படவில்லை. எத்தனையோ பேர் அந்த இடத்தில் விளையாட்டையே விட்டிருப்பார்கள். படைத்தவர்கள் இதைக் கவனித்திருக்கவேண்டும்.

இருந்தாலும், 'உழைக்காமல் ஜெயிக்கிறான், அது பொய் வெற்றி' என்று எட்டியை எடுக்கிறவன்மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டை நான் ஏற்கமாட்டேன். பொய் வெற்றி எது என்பதற்கு இப்போது நல்ல உதாரணம் இருக்கிறது. 2023-ல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6' புதியவர்களுக்கென்று இரண்டு ஏற்பாடுகள் செய்திருக்கிறது. ஒன்றில், கடினமான வித்தைகள் ஒற்றைப் பொத்தானில் வரும். ஆனால் அப்படி வருகிற அடியின் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக்கொள்வார்கள். இது நேர்மையான வியாபாரம். வரி கட்டிவிட்டு உள்ளே வருகிறான், யாரும் மனம் கோண வேண்டியதில்லை. இரண்டாவதில், எந்தப் பொத்தானைத் தட்டினாலும் தூரத்தைப் பார்த்துத் தக்க அடியை யந்திரமே தீர்மானித்துப் போடுகிறது. முகம் தெரியாதவர்களோடு இணையத்தில் ஆடும்போது இதை அனுமதிப்பதில்லை என்பதிலிருந்தே, இது எவ்வகைப்பட்டது என்று செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அங்கே ஆடுவது யந்திரம். மனிதன் கை தாளம் போடுகிறது. எட்டியிடம் அப்படி இல்லை. அவனுக்காக யாரும் யோசிப்பதில்லை. இடக்கால் பொத்தானைத் தட்டினால் இடக்கால்தான் வரும். தட்டுகிறவன் தெரியாமல் செய்தாலும், செய்தது அவன் கைதான். அவனைத் தோற்கடிக்கவும் எதிராளிக்கு வழி இருக்கிறது. கற்றுக்கொள்ளச் சோம்பியவன்தான் அவனிடம் தோற்கிறான். அறியாதவனிடம் தோற்றுவிட்டோமே என்று கோபப்படுகிற அரைகுறைத் தேர்ச்சியைத்தான் எட்டி முக்கியமாக அம்பலப்படுத்துகிறான் என்று எனக்குத் தோன்றுகிறது. முழுத் தேர்ச்சி பெற்றவர்கள் அவனைக் கண்டு கத்துவதில்லை. குனிந்து தடுத்துவிட்டுத் திருப்பி அடிக்கிறார்கள்.

எட்டிக்குப் பிறகு, 2001-ல் வந்த நாலாம் பாகத்தில் அவனுடைய சிறைக் குருவின் பேத்தி கிறிஸ்டி அதே வித்தையோடு வந்தாள். வீட்டுக்கு வந்த பதிப்பில் எட்டிக்கு அவளுடைய மாற்றுடைபோல ஒரு ஸ்தானம்தான் கிடைத்தது. ஆனாலும் ரஸிகர்கள் அவனை விடவில்லை. பிற்பாடு தனி ஆளாகத் திரும்பினான். 2024 ஜனவரியில் எட்டாம் பாகம் வெளியானபோது முதலில் அவன் இல்லை. சில மாதம் கழித்துத் தனி விலைக்கு வந்து சேர்ந்தான். இந்த எட்டாம் பாகத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால், ஆட்டத்தின் நடுவிலேயே, யாரும் எளிய முறைக்கு மாறிக்கொள்ளலாம். வேண்டாமென்றால் மறுபடி பழைய முறைக்குத் திரும்பலாம். எந்தப் பாத்திரத்தை எடுத்தாலும் புதியவன் கையில் இப்போது தொடர் அடிகள் ஆறாக ஓடுகின்றன. முரட்டு மல்லனும், கராத்தேக்காரனும், ஒற்றைப் பொத்தானுக்கு வரிசையாக வித்தை காட்டுகிறார்கள். எட்டி அவர்கள் நடுவில் வழக்கம்போலத் தலைகீழாக நிற்கிறான். அவனுக்கு அந்தப் பொத்தான் அவ்வளவாகத் தேவைப்படவில்லை.