பொறையுயிர்த்தலும் சுமைதாங்கிக் கல்லும்

ஆங்கிலத்தில் ‘எக்சானரேட்’ என்னும் வினை இன்று பெரும்பாலும் நீதிமன்றத்தோடு ஒட்டிய சொல்லாக வழங்குகிறது. குற்றச்சாட்டினின்று ஒருவரை விடுவித்தல் என்பதே அதன் நடப்புப் பொருள். ஆயின் அதன் வேர் இலத்தீன் மொழியின் ‘ஓனுஸ்’, அஃதாவது சுமை. முந்தைய நூற்றாண்டுகளில் கப்பற் சரக்கை இறக்குதலும், ஆறு தன் நீரைக் கடலிற் சேர்த்தலும், வயிறு தன் கழிவை வெளியேற்றுதலுங்கூட அச்சொல்லாற் குறிக்கப்பெற்றன. பருப்பொருட் சுமை வழக்கொழியப் பழிச்சுமை மட்டும் எஞ்சியது. அப்பழம்பொருளுக்குத் தமிழில் நிகர் யாது என வினவுவார்க்கு ‘விடுவித்தல்’ என விடையிறுப்பார் பலர். அவ்விடை போதாது என்பதே எம் கருத்து.

தமிழில் ‘பொறையுயிர்த்தல்’ என்றொரு பழஞ்சொல் உண்டு. பொறு என்னும் வினையடியாகப் பிறந்த பொறை, சுமையையும் உணர்த்தும், அதனைத் தாங்கும் பண்பையும் உணர்த்தும், கருவையும் உணர்த்தும். உயிர்த்தல் என்பதோ மூச்சு விடுதல், இளைப்பாறுதல், ஈனுதல் என விரியும். எனவே, பொறையுயிர்த்தலுக்கு இளைப்பாறுதல் எனவும், மகப்பெறுதல் எனவும் இரு பொருள்களை அகராதிகள் எண்ணிட்டுத் தருகின்றன. எண்ணிட்டுப் பிரித்தல் அகராதிக்கு இன்றியமையாததே. ஆயினும் இரண்டற்கும் இடைப்பட்ட உறவு அங்கே அறுபடுகின்றது. பயில்வோர் பின்னதனை வெறும் இடக்கரடக்கல் எனக் கொண்டு அமைதியடைகின்றனர். ஆங்கிலத்தின் ‘பர்டன்’ என்னும் சுமைப்பெயரும், ‘பர்த்’ என்னும் பிறப்புப்பெயரும் தாங்குதல் என்னும் ஒரே வேரின என மொழிநூலார் காட்டுவர். ஆதலின், இவ்வுறவு இடக்கரடக்கலினும் ஆழமுடையது.

அவ்வுறவுக்குச் சான்று ஏட்டினும் தெளிவாக வழியோரத்தில் நிற்கின்றது. சங்கரன்கோவிலைத் தன்னகத்தே கொண்ட நெல்லைச் சீமையில் சுமைதாங்கிக் கற்கள் மிகப் பழகிய காட்சி. நட்ட கல் இரண்டு. அவற்றின் மேல் கிடத்திய கல் ஒன்று. அவ்வளவே அதன் அமைப்பு. உயரத்திலேதான் நுட்பம் உளது. தலைச்சுமையோடு வருபவர் குனியாமலும் பிறர் கை வேண்டாமலும் சுமையை அதன்மீது தள்ளி வைக்கலாம். இளைப்பாறியபின் தாமே மீண்டும் தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். தரையில் இறக்கிய மூட்டையைத் தூக்கிவிட ஆளின்றித் தவித்தவர்க்கே இதன் அருமை புலனாகும்.

இக்கல்லைச் சூலோடு இறந்த பெண்ணின் நினைவாக நடுதல் தமிழகத்துப் பரவலான வழக்கம். அவள் இறக்கிவைக்க இயலாதுபோன வயிற்றுச் சுமையை, வழிச்செல்வோர் ஒவ்வொருவரும் தம் சுமையை இறக்குந்தோறும் அவள்பொருட்டு இறக்குகின்றனர் என்பது மக்கள் நம்பிக்கை. எல்லாச் சுமைதாங்கிகளும் இவ்வகையின அல்ல, பொதுவறம் கருதி நட்டனவும் உள என்பார் கூற்று உண்மையே. ஆயினும் கிணறு, சாவடி, தண்ணீர்ப்பந்தல் என அறங்கள் பலவாக, இவ்விறப்புக்கென இக்கல்லைத் தேர்ந்தது ஏன்? அகராதி இரண்டாகப் பிரித்த பொருள்களை மக்கள் ஒன்றாகவே கொண்டிருந்தனர் என்பதன்றி வேறு விடை எமக்குத் தோன்றவில்லை. இதனை நட்டோர் பொறையுயிர்த்தல் என்னும் சொல்லை அறிந்திருக்க வேண்டுவதில்லை. சொல் நூலில் உறங்க, பொருள் சாலையில் நின்றது.

‘விடுவித்தல்’ பொருந்தாமைக்குக் காரணமும் இக்கல்லே கூறும். கல்லின்மேல் வைத்த சுமை அங்கேயே தங்குவதன்று. சற்றே மூச்சு வாங்கியபின் மீண்டும் தலையேறும். நீதிபதி நீக்கும் பழியோ மீள்வதன்று. குடும்பப் பொறுப்பனைத்தும் ஏற்பவரைச் ‘சுமைதாங்கி’ என்னும் இக்கால வழக்கும் (1962இல் ஸ்ரீதர் இயக்கிய திரைப்படத்தின் பெயரும் இதுவே) கல்லின் இயல்பைச் சிறிது திரித்துவிடுகிறது. கல் பிறர் சுமையைத் தனதாக்கிக் கொள்வதில்லை. வைத்துக் கொடுப்பதே அதன் தொழில்.

சங்கரன்கோவில் கோமதியம்மன் திருமுன் மனத்துயருடையோர் ஆக்ஞா சக்கரத்தில் அமர்ந்து வேண்டுவர். வெள்ளியாற் செய்த பாம்பு, தேள் உருவங்களை உண்டியலில் இடுவாரும் உளர். அவ்வாறு இடுதலை நேர்த்திக்கடன் ‘செலுத்துதல்’ என்பரேயன்றி ‘இறக்குதல்’ என்னார். கடன் செலுத்தற்குரியது, பாரம் இறக்கற்குரியது, பழி நீங்கற்குரியது. இவ்வேறுபாட்டைப் பேச்சுவழக்கு பிறழாது காக்க, மொழிபெயர்ப்பாளர் மூன்றனையும் ‘விடுவித்தல்’ என்னும் ஒன்றனுள் அடக்குதல் முறையாகாது. ஆங்கிலச் சொல்லின் இன்றைய பொருளுக்குப் ‘பழிநீக்கம்’ போதும். பழம்பொருளுக்கே பொறையுயிர்த்தல் நெருங்கி வரும். இளைப்பாறுதல் என்னும் பொருள் அவ்வாங்கிலச் சொல்லுக்கு இன்மையால், அங்கும் முற்றும் ஒக்கும் எனல் இயலாது.

தலைச்சுமையாகச் சென்றவை வண்டிகளில் ஏறிவிட்டன. சாலைகள் அகலுந்தோறும் இக்கற்கள் பெயர்க்கப்படுகின்றன. இவற்றுட் சிலவற்றில் இறந்தாள் பெயரும், நட்டார் பெயரும், ஆண்டும் பொறிக்கப்பெற்றுள்ளன. 2019இல் தென்காசி மாவட்டத்தோடு சேர்ந்த இவ்வட்டாரத்தில் ஆய்வு மேற்கொள்ளும் முதுகலை மாணவர், பெயரையும் ஆண்டையும் படியெடுப்பதோடு அமையாது, நட்டதைக் குறிக்க அக்கல்லெழுத்து எவ்வினையை ஆள்கின்றது என்பதையும் குறித்துவருதல் வேண்டும்.